சாயங்காலம் மட்டும் எரிந்த விளக்குகள்

என் வண்டியில், வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே, இரண்டு மஞ்சள் விளக்குகள் இருக்கின்றன. ஒன்று இன்ஜின் படம். பார்ப்பதற்கு மூக்கு முளைத்த தகரப்பெட்டி மாதிரி இருக்கும். இன்னொன்று புகைக்குழாயின் படம். அதன் நடுவில் கோலம் போட வைத்ததுபோல நாலைந்து புள்ளிகள். டீசல் புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டரை அது குறிக்கிறது. ஓடும்போது இரண்டும் எரியாமல் இருந்தவரை அவை அங்கே இருப்பதை நான் கவனித்ததே இல்லை. எரிய ஆரம்பித்த பிறகு இரண்டு மாதம் நான் வேறெதையும் பார்க்கவில்லை.

நான் பேசக் கூச்சப்படுகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவது நின்றுவிட்டது. படித்த ஐந்து வருடமும் விடை தெரிந்தாலும் எழுந்து சொன்னதில்லை. பம்பாய்த் தாராவிக்கு வந்து லாரியில் கிளீனராக இருந்தேன். பிறகு டிரைவரானேன். பிறகு இந்த ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டியை, முன்பு யாரோ ஓட்டியதை, வாங்கினேன். கொஞ்ச காலம் போனில் வருகிற சவாரிகளை ஓட்டினேன். ஏறுகிறவரிடம் நான்கு எண்களைக் கேட்டு வாங்கிய பிறகுதான் வண்டியை எடுக்க முடியும். முன்பின் தெரியாத ஒருவரைத் திரும்பிப் பார்த்து அந்த எண்ணைக் கேட்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்குப் பதினைந்து முறை அடைக்கும்.

அதனால்தான் வாஷி பாலத்துக்கு அந்தப் பக்கம் நெருளில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடும் வேலை கிடைத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். காலை ஆறு மணிக்குத் தாராவியில் இரண்டு பெண்கள் ஏறுவார்கள். செம்பூரில் மூன்றாமவர். மூவரும் தமிழர்கள். மூன்றாமவர் ரத்தம் எடுக்கும் பிரிவில் இருக்கிறவர், மூவரில் மூத்தவர். ஏறிய நிமிடத்திலிருந்து நெருள் வரைக்கும் அவர்களே பேசிக்கொள்வார்கள். வார்டில் நடந்தது, மாமியார் சொன்னது, இட்லி மாவு புளிக்காதது. நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டே ஓட்டலாம். பிற்பகல் மூன்று மணிக்கு அவர்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தால் அன்றைய வேலை முடிந்தது. என் குணத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைமாதிரி இருந்தது அந்த வேலை.

அந்த வேலைக்கு ஒரு நிபந்தனை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி வண்டிகளைக் கவனிக்கும் அதிகாரி வாசலில் நிற்க வைத்துப் பார்ப்பார். டயர், பிரேக், பெல்ட், கடைசியாக விளக்குகள். எச்சரிக்கை விளக்கு ஒன்று எரிந்தாலும் வாசல் பாஸ் கிடையாது. பாஸ் இல்லாவிட்டால் வேறு வண்டி வந்துவிடும். நான் மறுபடி நான்கு எண்களைக் கேட்கப் போக வேண்டும்.

வேலைக்குப் போன முதல் நாள் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மனைவி வண்டிக்கு முன்னால் எலுமிச்சையும் ஏழு மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற வண்டிகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. காவலாளி என் வண்டியின் முகப்பைப் பார்த்தார். அவ்வளவுதான். எனக்குக் காது சுட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றிவிட்டேன்.

"வண்டிக்கு முன்னால இனிமே ஒண்ணும் கட்டாத. எல்லாரும் பாக்காங்க" என்றேன்.

"பாக்கணும்னுதான கட்டுதது" என்றாள்.

அப்புறம் அவள் அதைப்பற்றிப் பேசவில்லை. ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, ஒரு பிற்பகல், திரும்பி வரும்போது, மான்குர்டில் லாரிகளுக்கு நடுவே அரைமணி நேரம் ஊர்ந்துவிட்டு மேம்பாலத்தில் ஏற ஆக்சிலேட்டரை அமுக்கினேன். புள்ளி விளக்கு எரிந்தது. அதற்குத் துணைபோல இன்ஜின் விளக்கும் எரிந்தது.

"அண்ணாச்சி, என்னமோ எரியுதே" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"அழகாத்தான் இருக்கு" என்றார் மற்றவர்.

அவர்களை இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து இன்ஜினைக் கிளப்பினேன். இரண்டு விளக்கும் இல்லை. அந்த வாரத்தில் இன்னொரு சாயங்காலமும் அப்படியே நடந்தது.

வடாலாவில் எனக்குப் பழக்கமான ஒர்க்ஷாப் ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிறவரை எல்லோரும் பாய் என்பார்கள். தென்காசிப் பக்கத்துக்காரர். பெரிய உடம்பு, சின்னக் குரல். இன்ஜின் ஆயில் மாற்ற அவரிடம்தான் போவேன், ஏனென்றால் அவரும் அதிகம் பேசமாட்டார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு குழாயையோ நட்டையோ கழற்றி மாட்டினால் அந்த இடத்தில் ஒரு கந்தல் துணியை முடிந்து வைப்பார். வண்டியை வெளியே விடும் முன் ஒவ்வொரு கந்தலாகப் பார்த்து, முறுக்கு சரியாக இருக்கிறதா என்று தொட்டுவிட்டு அவிழ்ப்பார். எழுதி வைப்பதைவிட இது மேல் என்பார். சில சமயம் ஒன்றிரண்டை அவிழ்க்க மறந்துவிடுவதும் உண்டு. என் வண்டியின் பானட்டுக்குள்ளும் பின்பக்கமாக ஒரு ரப்பர்க் குழாயில் அப்படி ஒரு கறுத்த முடிச்சு கிடந்தது. காலையில் தண்ணீரும் ஆயிலும் பார்க்கும்போது அது கண்ணில் படும். பாய் மறந்துவிட்டார் என்று நினைப்பேன். அதைச் சொல்லிக் காட்டினால் அவருக்கு வருத்தமாக இருக்குமோ என்று விட்டுவிட்டேன்.

"வெளக்கு எங்க?" என்றார் பாய், வண்டிக்குள் எட்டிப் பார்த்து.

"போயிட்டு."

"எப்ப வரும்?"

"சாயங்காலம் வரும்."

"மாப்பிள்ளையா அது, சாயங்காலம் வாரதுக்கு" என்றார்.

ஸ்டீரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகினார். அதில் வருவதைப் போனில் படிக்கலாம். வெகுநேரம் படித்தார். ஃபில்டருக்கு முன்னாலும் பின்னாலும் இருந்து இரண்டு சின்ன ரப்பர்க் குழாய்கள் ஒரு சென்சாருக்குப் போகின்றன. இரண்டு பக்கத்து அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அது அளக்கும். வித்தியாசம் அதிகமானால் ஃபில்டரில் கரி அடைத்துவிட்டது என்று வண்டி நினைத்துக்கொள்ளும். இதை அவர் ஒரு பீடியும் ஒரு நூலும் வைத்து எனக்கு விளக்கினார். எனக்குப் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் இப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தால் நான் ஆறாம் வகுப்புக்கும் போயிருப்பேன்.

"சிக்னல்ல இன்ஜின அணைப்பீரோ?" என்றார்.

"ஆமா."

"எல்லா சிக்னல்லயும்?"

"டீசல் மிச்சம்லா."

"அதான் கரி எரிய மாட்டேங்குது. நல்ல ரோட்டுல இருவது நிமிசம் நிக்காம ஓட்டும். மூணாவது கியர்லயே ஓட்டும். சூடு ஏறி கரி தானா எரிஞ்சிரும்."

மறுநாள் அதைச் செய்தேன். நெருளிலிருந்து கடலோரமாகப் போகும் பெரிய சாலை இருக்கிறது. வேலை முடிந்து ஏறிய மூவரிடமும், வண்டிக்கு மருந்து மாதிரி, கொஞ்சம் சுற்றிப் போகலாமா என்று கேட்டேன். இந்த ஒரு வாக்கியத்தை மதியம் முழுக்கச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். மூவரும் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்கள். மூன்றாவது கியரில் இன்ஜின் ஊளையிட, காற்றில் முந்தானைகள் பறக்க, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பினோம்.

"அண்ணாச்சி, மருந்து ஒருவேள போதுமா, இல்ல ரெண்டு வேளையா?" என்றார் ரத்தம் எடுப்பவர். இன்னொரு முறை போனோம்.

இரண்டு நாள் விளக்கு வரவில்லை. மூன்றாம் நாள் மான்குர்டில் வந்தது.

அதன்பிறகு நான் குறித்து வைக்க ஆரம்பித்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. விளக்கு எரிந்த நாளை ஒரு வட்டம் போட்டுச் சுற்றுவேன். எரியாத நாளுக்கு ஒன்றும் கிடையாது. முதல் மாதம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வட்டம் இருந்தது. அடுத்த மாதம் வாரத்துக்கு மூன்று. அப்புறம் நான்கு. காலண்டர் முழுக்க முட்டை வைத்த மாதிரி ஆனது. என் மனைவி அதன் முன்னால் நின்று எண்ணிப் பார்ப்பதை இரண்டு மூன்று முறை கவனித்தேன்.

"எரியுதுன்னா வண்டி நின்னு போயிருமா?" என்று கேட்டாள்.

"வண்டி நிக்காது. வேலதான் நின்னு போவும்."

அவள் முகம் சின்னதாகிவிட்டது. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தேன். எப்போதாவது பேசுகிறவன் பேசினால் இப்படித்தான் வந்து விழுகிறது.

பாயிடம் இன்னும் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் வண்டி ஒழுங்குப் பிள்ளையாக நின்றது. ஒருமுறை சென்சாரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அடுத்தமுறை அதன் வயரைத் துடைத்து உலர்த்தினார். குனிந்து வேலை செய்யும்போது எதையோ மெதுவாக நகர்த்துவார், பிறகு அதே மாதிரி திரும்ப வைப்பார். வண்டியை அவ்வளவு பக்குவமாகக் கையாள்கிறார் என்று எனக்கு மரியாதை கூடியது.

அதிகாரி வந்து பார்க்கும் நாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது பாய் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "இனிமே ஃபில்டரையே எறக்கிப் பாக்கணும். ஒரு வாரம் வண்டி இங்கயே நிக்கணும்."

"நாலு நாள்தான் இருக்கு."

"அப்ப நான் என்ன செய்ய? நோவாளி வந்து நிக்கும்போது நோவு இல்லயே வே."

அன்று பிற்பகல் விளக்கு எரிந்தபோது நான் பெருமூச்சு விட்டிருக்க வேண்டும். பின்னால் பேச்சு நின்றது.

"அண்ணாச்சி, இதுக்கு ஒர்க்ஷாப்புல என்னதான் சொல்லுதாங்க?" என்றார் ரத்தம் எடுப்பவர்.

நான் சொன்னேன். மேம்பாலம் ஏறி இறங்கிச் செம்பூர் வரும்வரை சொன்னேன். விளக்கு சாயங்காலம்தான் வருகிறது, வண்டியைக் கொண்டுபோகும்போது இருப்பதில்லை, வெள்ளிக்கிழமை அதிகாரி பார்ப்பதற்குள் அது நிற்காவிட்டால் பாஸ் கிடைக்காது. அவ்வளவு நீளமாக நான் பேசி அவர்கள் கேட்டதில்லை. ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

"மலேரியாவுக்கு நாங்க எப்ப ரத்தம் எடுப்போம் தெரியுமா?" என்றார் அவர். "குளுரு வந்து ஒடம்பு தூக்கிப் போடும்லா, அப்ப எடுக்கணும். காய்ச்சல் எறங்கி, குளிச்சு, பவுடர் போட்டுட்டு வந்து நின்னா எனக்கு என்ன தெரியும்? நீங்க வண்டிய பவுடர் போட்டுக் கூட்டிட்டுப் போறிய."

"அப்ப?"

"டாக்டர வண்டிக்குள்ள ஏத்துங்க."

அன்று மாலையே வடாலாவுக்குப் போய் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன், பவுடர் உட்பட. பாய் தாடியைத் தடவிக்கொண்டார்.

"யாரு வே அந்தம்மா? நமக்கு இது தோணாமப் போச்சே" என்றார்.

அதிகாரி பார்க்கும் நாளுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, பாய் ரயிலேறி நெருளுக்கு வந்தார். கருவியைச் சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்து வந்திருந்தார். அவர் முன்சீட்டில் உட்கார்ந்ததும் வண்டி ஒரு பக்கம் தாழ்ந்தது. மூன்று பெண்கள் பின்னால் இருக்கிற வண்டியில் தலையைத் திருப்பாமல் விறைத்து உட்கார்ந்திருந்தார். என்னைவிடக் கூச்சக்காரர் ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பாய், நீங்க சுகர் பாத்திருக்கியளா?" என்றார் ரத்தம் எடுப்பவர்.

"இல்லம்மா."

"ஒரு நா வாங்க. ஒரு சொட்டுதான்."

"ஊசின்னா எனக்கு ஆவாதும்மா."

"இவ்வளவு பெரிய ஒடம்புல ஒரு சொட்டுக்குக் கணக்குப் பாக்கியளே."

பாயின் கழுத்து வியர்த்தது. அவர் போனில் ஓடும் எண்ணிலேயே கண்ணாக இருந்தார். வாஷி பாலத்தில் எண் அமைதியாக இருந்தது. மான்குர்டில் லாரிகளுக்கு நடுவே மாட்டினோம். வெயில் பானட்டில் பட்டுக் கண் கூசியது. அரைமணி நேரம் ஊர்ந்தோம். எப்போதும் எரியக்கூடாது என்று வேண்டிக்கொள்கிற இடத்தில், அன்றைக்கு மட்டும், ஐந்து பேரும் எரிய வேண்டும் என்று காத்திருந்தோம்.

மேம்பாலம் வந்தது.

"அமுக்கும்" என்றார் பாய். "இன்னும் அமுக்கும். ஏறுது. ஏறுது."

புள்ளி விளக்கு எரிந்தது. பின்னால் இருந்த மூவரும் கை தட்டினார்கள்.

"பாலத்த எறங்கி ஓரமா நிறுத்தும். இன்ஜின அணைக்காதீரும். அணைச்சீருன்னா மறுபடி பவுடர் போட்டுக்கிடும்."

நிறுத்தினேன். பாய் பானட்டைத் திறந்து குனிந்தார். சூடு முகத்தில் அடித்தது. பிறகு நிமிர்ந்து, என்னைக் கையைப் பிடித்து நாலடி தள்ளிக் கூட்டிப் போனார்.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளுங்க பாய்."

"அந்த முடிச்சு. அதக் கொஞ்சம் நகட்டிக்கிடலாமா? உங்க சாமி விசயம். நான் கை வைக்கப்படாதுன்னுதான் இம்புட்டு நாளா தொடாம வேல பாத்தேன்."

"எந்த முடிச்சு?"

"கொழாய்ல கட்டிக் கெடக்குல்லா."

"அது உங்க கந்தல்லா பாய். நீங்க அவுக்க மறந்தது."

அவர் என்னைப் பார்த்தார். "என் கந்தலா? என் கந்தலுக்குள்ள எதுக்குவே காசு இருக்கு?"

இருவரும் போய்க் குனிந்தோம். நான் அதை ஒரு முடிச்சு என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் பார்த்தால் மூன்று இருந்தன, ஒன்றன்மேல் ஒன்றாக. கரி படிந்த துணி. ஒவ்வொன்றுக்குள்ளும் வட்டமாக ஒரு காசு. கட்டியிருந்த இடத்தில் ரப்பர்க் குழாய் சூட்டில் இளகி, காசுகளின் கனத்தில் தொங்கி, தோசைபோலத் தட்டையாகிக் கிடந்தது. ஃபில்டருக்குப் பின்னாலிருந்து வருகிற குழாய் அது. அழுத்தம் சென்சாருக்குப் போய்ச் சேர வழியில்லை, அதனால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். காலையில் ரோடு காலி, காற்று அடிக்கும், ரப்பர் விறைப்பாக இருக்கும். பிற்பகலில் வெந்து படுத்துக்கொள்ளும். ஒரு டீ குடிக்கும் நேரம் ஆறினால் எழுந்துவிடும்.

"ரெண்டு தடவ வேல பாக்கும்போதும் இத மரியாதையா நகட்டி வச்சேன்" என்றார் பாய். "வேல முடிஞ்சதும் கட்டுன எடத்துலயே கொண்டுவந்து வச்சேன். கட்டுனவங்க மனசு நோவக்கூடாதுன்னு."

மூன்று பெண்களும் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள். ரத்தம் எடுப்பவர் ஒரு பார்வையிலேயே சொல்லிவிட்டார். "இது நேந்துக்கிட்ட காசு. வீட்டுல கேளுங்க அண்ணாச்சி."

போனை எடுத்தேன். மேம்பாலத்தடியில், லாரிகள் ஹார்ன் அடிக்க, நான்கு பேர் காது கொடுத்து நிற்க, மனைவியிடம் பேச வேண்டியிருந்தது.

"வண்டிக்குள்ள நீ ஏதாவது கட்டுனியா?"

மறுமுனையில் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "பாத்துட்டியளா?" என்றாள்.

"மூணு இருக்கு."

"மொதல்ல ஒண்ணுதான் கட்டுனேன். முன்னால கட்டாதன்னு நீங்கதான சொன்னிய. அதான் யாருக்கும் தெரியாம உள்ள கட்டுனேன். உங்க கண்ணுல பட்டுரக் கூடாதுன்னு கொஞ்சம் கரியும் தடவுனேன். காலையில பானட்டத் தொறந்து வச்சிட்டு நீங்க தண்ணி எடுக்க உள்ள வந்த நேரம்."

"மத்த ரெண்டு?"

"காலண்டர்ல வட்டம் கூடிக்கிட்டே போச்சுல்லா. ஒண்ணு பத்தலயோன்னு ஒரு வெள்ளிக்கிழம இன்னொண்ணு கட்டுனேன். அப்புறமும் கூடுச்சு."

நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வட்டம் போட, அவள் முடிச்சு போட, அதனால் விளக்கு எரிய, நான் மறுபடி வட்டம் போட்டிருக்கிறேன். பாய்க்கும் சிரிப்பு வந்தது. பெரிய உடம்பு குலுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை. பெண்களுக்குச் சத்தமும் வந்தது.

போனில் அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ஏங்க, அதக் கத்திரிச்சு கித்திரிச்சுப் போட்டுராதிய. நேந்து கட்டுனது. நான்தான் அவுக்கணும்."

பாயிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். "அதான முற. ஓட்டும், வீட்டுக்குப் போவோம்."

செம்பூரில் ரத்தம் எடுப்பவரை இறக்கிவிட்டு, விளக்கு எரிய எரியவே தாராவிக்கு வந்தோம். என் மனைவி கை கால் கழுவிக்கொண்டு ரோட்டிலேயே வந்து நின்றிருந்தாள். பாயைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பாய் பானட்டைத் திறந்து, போன் வெளிச்சத்தைக் குழாயில் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து அவள் அவிழ்த்தாள். முதல் இரண்டும் வந்துவிட்டன. மூன்றாவது, அதாவது முதலில் கட்டியது, இறுகிக் கிடந்தது.

"பிளேயர் தரட்டுமாம்மா?" என்றார் பாய், சுவரைப் பார்த்துக்கொண்டே.

"வேண்டாம் பாய். வந்துரும்."

வந்தது. மூன்று காசுகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு சுத்தமான துணியில் வைத்தாள். ஊருக்குப் போகும்போது உண்டியலில் போட வேண்டும் என்றாள். ரப்பர்க் குழாயில் நசுங்கிய தடம் அப்படியே இருந்தது. அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, பாய் புதுத்துண்டு மாட்டினார். மாட்டிய இடத்தில் பழக்கத்தில் ஒரு கந்தலை எடுத்து முடியப் போனார். பிறகு என் மனைவியைப் பார்த்துவிட்டு, கந்தலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

சோதித்துப் பார்க்க மறுபடி மான்குர்ட் போனோம். இந்த முறை என் மனைவியும் வந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நெரிசலில் மாட்டுவதற்கென்றே நாங்கள் எங்கேயும் போனதில்லை. அவள் முன்சீட்டில், பாய் பின்னால்.

"அந்தப் புள்ளி வெளக்கு எந்த எடத்துல வரும்?" என்று கேட்டாள்.

காட்டினேன். அந்த இடத்தைவிட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, மேம்பாலத்தில் ஏறி, பாய் "அமுக்கும், அமுக்கும்" என்று சொல்ல அமுக்கி, இறங்கி, திரும்பி வந்து மறுபடி ஏறினோம். ஒன்றும் எரியவில்லை. திரும்பும் வழியில் செம்பூரில் நாங்கள் மூவரும் வடாபாவ் சாப்பிட்டோம். பாய் இரண்டு சாப்பிட்டார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் நான்கு வண்டிகள் வரிசையில் நின்றன. என்னுடையது மூன்றாவது. அதிகாரி புதியவர், மராத்திக்காரர், கையில் அட்டையும் பேனாவும். டயரை உதைத்தார். பெல்ட்டை இழுத்தார். என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே எல்லா விளக்குகளும் ஒருசேர எரிந்தன.

அவர் குனிந்து பார்த்தார். "இது எல்லாம் ஏன் எரிகிறது?" என்று இந்தியில் கேட்டார். பேனா அட்டைக்கு மேலே நின்றது.

பின்னால் மூன்று பெண்களும் இறங்கி உள்ளே போகாமல் நின்றுகொண்டிருந்தார்கள். ரத்தம் எடுப்பவர் வாயைத் திறந்தார். அவர் எனக்காகப் பேசிவிடுவார் என்று தெரிந்தது. அதற்கு முன்னால் நானே பேசிவிட்டேன்.

சாவியைத் திருப்பினால் முதலில் எல்லா விளக்கும் எரிய வேண்டும், ஸாப், என்றேன். பல்பு வேலை செய்கிறதா என்று வண்டி தானே பார்த்துக்கொள்கிறது. எரியாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். இன்ஜின் ஓடும்போது அணைந்துவிடும். அணையாத விளக்குத்தான் நோய். என் இந்தி பம்பாய் ரோட்டு இந்தி. அதிலேயே ஃபில்டரையும், சென்சாரையும், இரண்டு குழாய்களையும் சொன்னேன். பீடி இல்லாததால் பேனாவைக் கேட்டு வாங்கி விளக்கினேன். இன்ஜினை ஓட விட்டேன். ஒவ்வொன்றாக அணைந்தன. புள்ளி விளக்குத்தான் கடைசி. அதுவும் அணைந்தது.

அதிகாரி என்னிடமிருந்து பேனாவைத் திரும்ப வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பாஸைக் கண்ணாடியில் ஒட்டினார். பிறகு இரண்டடி பின்னால் போய் வண்டியின் முகப்பை மேலும் கீழும் பார்த்தார்.

"நிம்பு-மிர்ச்சி நஹீ லகாயா?" என்றார்.

எலுமிச்சை, மிளகாய் கட்டவில்லையா என்று கேட்கிறார். அவர் எனக்கு முன்னால் நின்ற இரண்டு வண்டிகளையும் காட்டினார். இரண்டின் முன்பம்பரிலும் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கிக்கொண்டிருந்தன. தினம் இத்தனை பேரை ஏற்றி இறக்குகிற வண்டி, ஒன்று கட்டி வைப்பதுதானே என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். மூன்று மாதமாக அதே வாசலில் நின்றிருக்கிறேன். மற்ற வண்டிகளின் முகப்பை நான் ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. சயன் சிக்னலில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்து விற்கும் பெண்ணிடம் நானே கண்ணாடியை இறக்கிக் கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் முன்பம்பரின் நடுவில் கட்டினாள். கட்டிவிட்டு, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று, அங்கிருந்து தெரிகிறதா என்று பார்த்தாள்.

"நல்லாத் தெரியுது" என்றாள்.

போன வாரம் பாய் வண்டியைப் பார்த்துவிட்டு, இரும்பில் எத்தனை வேண்டுமானாலும் கட்டுங்கள், ரப்பரில் மட்டும் வேண்டாம் என்றார். சுகர் பார்க்க அவர் இன்னும் போகவில்லை.

இப்போதும் பிற்பகல் மூன்று மணிக்கு மூவரும் ஏறிக்கொள்கிறார்கள். ஏறும்போதே பேச்சு ஆரம்பித்திருக்கும். நான் சாவியைத் திருப்புவேன். எல்லா விளக்குகளும் ஒருசேர எரியும். அந்த நேரத்துக்கு மட்டும் பின்னால் பேச்சு நின்றுவிடும். இன்ஜின் கிளம்பி, ஒவ்வொன்றாக அணைந்து, கடைசியில் புள்ளி விளக்கும் அணைந்ததும், மாமியார் கதை விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.